விமானியறையும் சரக்கறையும்

2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘பெலூகா’ எனப்படும் பெருஞ் சரக்கு விமானம் ஒன்று எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் பொருட்டு நம் மீனம்பாக்கத்து நிலையத்தில் இறங்கிற்று. வெண் திமிங்கில வகையொன்றின் பெயரைத் தாங்கிய அவ்விமானம் உருவத்திலும் அத்திமிங்கிலத்தையே ஒத்திருந்தது. அதன் படம் பத்திரிகைகளில் வெளிவந்த சின்னாட்களில், இராயபுரத்தில் எங்கள் தெருவில் வாழும் மாணவன் ஒருவன் அப்படத்தை என்முன் நீட்டி, “ஐயா, இதற்கு நெற்றி இவ்வளவு பெரிதாயிருக்கிறதே, ஓட்டுகிறவர் எங்கே உட்காருவார்?” என வினவினான்.

கீழே, திமிங்கிலத்தின் வாய்போல் தோன்றும் இடத்திலே உட்காருவார் என்று விடை கூறியனுப்பினேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. விமானி அமரும் இடத்தை ஏன் அங்ஙனம் தாழ்த்தி அமைத்தனர்? இதனை ஆராயப் புகுந்த எனக்கு, சரக்கு விமானத்தைப்பற்றி நாம் கொண்டுள்ள வியப்பெல்லாம் தவறான அறையின்மேல் வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் எண்ணமே வலுத்தது. அதனையே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

ஏர்பஸ் நிறுவனத்தாரின் தொழிற்சாலைகள் ஐரோப்பாவிற் பல நாடுகளிற் பரவிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் இறக்கையும் வேறோரிடத்தில் உடற்பகுதியும் செய்யப்படுதலின், அவற்றை ஒன்றுசேர்க்கும் இடத்திற்குக் கொண்டுசெல்ல ஒரு வாகனம் வேண்டியதாயிற்று. முதலில் அவர்கள் ‘சூப்பர் கப்பி’ என்னும் பழைய அமெரிக்க விமானங்களைக் கையாண்டனர். அவற்றில் சரக்கை ஏற்றவேண்டின், விமானியறை உட்பட முகம் முழுவதையும் கதவு திறப்பதுபோல் ஒருபுறமாகத் திருப்பவேண்டும். அங்ஙனம் திருப்புமுன், விமானியறையினின்று உடலுக்குச் செல்லும் கட்டுப்பாட்டு இணைப்புக்களைப் பிரித்து, ஏற்றியபின் மீண்டும் பூட்டவேண்டும். ஒவ்வொரு பயணத்திற்கும் கழுத்தை அறுத்துத் தைத்தாற் போன்ற வேலை இது! 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் முதன்முறை பறந்த பெலூகாவில் இத்தொல்லை இல்லை. விமானியறையைச் சரக்கறையின் தளத்திற்குக் கீழே இறக்கிவிட்டனர். ஆதலின் நெற்றி மேனோக்கித் திறக்கும்போது விமானியின் கருவிகள் ஒன்றும் அசைவதில்லை.

அமெரிக்காவின் போயிங் 747 என்னும் விமானத்தில் இதற்கு நேர்மாறாக விமானியறை மாடிமேல் ஏற்றப்பட்டது. அவ்விமானம் வரையப்பட்ட நாளில், ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்கள் வந்து பயணிகளையெல்லாம் கவர்ந்துகொள்ளும் என்றும், பின்னர் இது சரக்கேற்றவே பயன்படும் என்றும் பலர் நம்பினர். எனவே மூக்கு மேலே தூக்கப்பட்டுச் சரக்கு நேரே உள்ளே செல்லுமாறு, விமானியை முதுகின்மேல் இருத்தினர். மற்றொரு காரணமும் உண்டு. மோதல் நேரின் பின்னுள்ள சரக்கு முன்னோக்கிப் பாயும். அப்போது அது விமானியை நசுக்காமல் அவருக்குக் கீழே செல்லவேண்டும் என்பதே அது. ஒலியை வென்ற விமானங்கள் வந்த வழியே மறைந்தன. 747 ஐம்பதாண்டுகட்கு மேலாகச் செய்யப்பட்டு, 2023ஆம் ஆண்டு ஜனவரியில் கடைசியாக ஒப்படைக்கப்பட்டதும் ஒரு சரக்கு விமானமாகவே இருந்தது. சோவியத் நாட்டில் 1982ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய அந்தோனோவ் 124 என்னும் விமானமும் விமானியறையை மேல்மாடியிலே கொண்டது. சரக்கேற்றும்போது அது தன் முன்சக்கரங்களை மடக்கி, பாகனுக்குப் பணியும் யானைபோல் மண்டியிடுகின்றது. 24 சக்கரங்களையுடைய அப்பெரும் யானை மண்டியிடுவது சரக்கிற்காகவே, விமானிக்காக அன்று.

ஆகவே, கீழே தள்ளினும் மேலே ஏற்றினும், சரக்குக்கு வழிவிட்டு எஞ்சிய இடத்திலேதான் விமானியறை அமைகின்றது.

இனி உள்ளே புகுவோம். நம் நாட்டு விமானப்படை 2013ஆம் ஆண்டுமுதல் கைக்கொண்டுள்ள சி-17 என்னும் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். பின்புறத்துச் சாய்தளத்தின் வழியாக ஏறின், சரிதளத்தையும் சேர்த்து 88 அடி நீளமும் 18 அடி அகலமும் 12 அடிக்குமேல் உயரமும் உள்ள ஒரு கூடத்தில் நிற்போம். துறைமுகக் கிடங்கு ஒன்றினுள் நுழைந்தாற் போன்ற உணர்ச்சியே உண்டாகும். பயணிகள் விமானத்தின் மெத்தையும் வெண்சுவரும் இங்கில்லை. குழாய்களும் கம்பிகளும் சுவரில் வெளிப்படையாக ஓடுகின்றன. பழுது நேரின் உடனே கண்டு கைவைக்க அதுவே வசதி. தளத்திலுள்ள பலகைகள் புரட்டத்தக்கவை: ஒருபுறம் வண்டிகள் ஏறுதற்குச் சமதளம், மறுபுறம் பலகைச் சரக்கை உருட்டிச் செல்வதற்கு உருளைகள். அத்தளமெங்கும் வளையங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வளையமும் 25,000 பவுண்டு இழுப்பைத் தாங்கவல்லது. இக்கூடத்தில் ஏற்றத்தக்க மொத்தப் பாரம் ஏறக்குறைய 77 டன்.

முன்புறத்தில் இடப்பக்கமாக ஒரு சிறு படிக்கட்டு உண்டு. அதன் வழியே ஏறினால் விமானியறையை அடையலாம். இருவர் அமர்ந்து ஓட்டுமிடம். பின்னே காண்போர்க்கு இரண்டு இருக்கைகள். அதற்கும் பின்னே நெடும்பயணத்தில் மாறி மாறி உறங்குதற்குச் சிறு படுக்கைகள். இருவர் கண்முன்னும் கண்ணாடித் தகடு ஒன்று நிற்கின்றது. வேகம், உயரம் முதலியன அதன்மேல் ஒளியாற் படிதலின், வெளியே நோக்கிய கண்ணைத் தாழ்த்தாமலே அவற்றைப் படிக்கலாம். பெரிய சக்கரப்பிடிக்கு மாறாகச் சிறு கைக்கோல் ஒன்றே இயக்கும் கருவி. அந்தோனோவ் 124இல் ஆறுபேர் செய்த வேலையில், பொறியாளர், வழிகாட்டுவோர், செய்தி அனுப்புவோர் ஆகியோரின் பங்கை இங்கு யந்திரங்களே ஏற்றுக்கொண்டன. இவ்வறையைப்பற்றி இதற்குமேல் யான் விரிக்கவில்லை. படங்களிலும் பத்திரிகைகளிலும் இதனை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள், காணாதது கீழேயுள்ளது.

சி-17 விமானத்தின் பணியாளர் மூவர் என்பதைப் பலர் அறியார். விமானியர் இருவர், மூன்றாமவர் ‘லோட்மாஸ்டர்’ எனப்படுவார். எவ்வெப் பொருள், எவ்வளவு எடை, எந்த இடம், எத்தனைச் சங்கிலி என்பனவெல்லாம் அவருடைய தீர்ப்பு.

அத்தீர்ப்பின் அருமையை அறிய, கணக்கைச் சிறிது நோக்கவேண்டும். நம் காசிமேட்டு மீனவர் விசைப்படகில் பனிக்கட்டியையும் வலையையும் அடுக்கும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் எடை ஒத்திருக்கின்றதா என்று பார்த்தே அடுக்குவர். எந்த நூலையும் படித்து அவர்கள் அதனைச் செய்யவில்லை. தலை தாழ்ந்த படகும் வால் தாழ்ந்த படகும் அலையில் எப்பாடு படும் என்பதை அறிந்தே செய்கின்றனர். விமானமும் அத்தகையதே, ஆயினும் அதனைத் தாங்கும் அலை கண்ணுக்குத் தெரியாத காற்று. எடை முழுவதும் ஒருமித்து நிற்பதாகக் கருதப்படும் புள்ளி, இறக்கையை ஒட்டிய ஒரு குறுகிய எல்லைக்குள் இருத்தல்வேண்டும். பத்து டன் பொருளை ஓரடி பின்னே நகர்த்துவதும் ஒரு டன் பொருளைப் பத்தடி பின்னே நகர்த்துவதும் ஒன்றே என்று நெம்புகோல் பாடத்தில் நாம் படித்தோமல்லமோ? 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், மயாமி நகரில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் எழுந்தவுடனே முகம் மேனோக்கித் தூக்கி, வேகமிழந்து வீழ்ந்தது. உள்ளிருந்த நால்வரும் தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர். பாரம் திட்டமிட்டபடி ஏற்றப்படாமல் பின்னே மிகுந்திருந்ததே காரணம் என்று ஆய்ந்தோர் கண்டனர். விமானியர் அதனைத் தம் கண்ணாற் கண்டிருக்கவும் இயலாது.

எடையைச் சரியாக வைப்பது பாதி வேலையே. வைத்த இடத்தில் அது நிற்கவேண்டும். இராணுவச் சரக்கு விமானங்களில், ஒரு பொருளை முன்னோக்கி நகராவண்ணம் கட்டும்போது அதன் எடையைப்போல் மும்மடங்கு இழுப்புக்குக் கட்டுவது விதி. பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கு. மேனோக்கி இரு மடங்கு. அஃதாவது 20 டன் வண்டியொன்றை 60 டன் யானைக்கூட்டம் முன்னே இழுப்பதாக எண்ணிக் கட்டவேண்டும். 25,000 பவுண்டு தாங்கும் சங்கிலி ஏறக்குறைய 11 டன்னுக்கு நேராகும். நேராக இழுத்துக் கட்டினாலே ஆறு வேண்டும். ஆனால் வண்டியினின்று தளத்திற்குச் சங்கிலி சாய்வாகவே செல்லுமாதலின், அதன் வலிமையில் ஒரு பங்கே முன்னோக்கிய இழுப்பைத் தடுக்கும். எனவே எண்ணிக்கை இன்னும் கூடும். இக்கணக்கை வெயிலிலும் மழையிலும், “இன்னும் ஏன் தாமதம்?” என்று கேட்போர் நடுவிலும் செய்து முடிப்பதே அம்மூன்றாமவர் கடமை.

ஈண்டு என் சொந்த நினைவொன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. யான் பள்ளியிற் படித்த காலத்தில், துறைமுகத்தினின்று இரும்புத் தகட்டுச் சுருளொன்றை ஏற்றிவந்த டிரெய்லர் லாரி திருவொற்றியூர்ச் சாலையிற் சென்றது. மிதிவண்டிச் சிறுவன் ஒருவன் குறுக்கே வந்தான். ஓட்டுநர் விரைந்து நிறுத்தினார், சிறுவன் பிழைத்தான். ஆனால் சுருள் நிற்கவில்லை. அது முன்னே உருண்டு ஓட்டுநரின் அறையைப் பின்னாலிருந்து நசுக்கியது. அவர் ஒரு காலை இழந்தார். ‘ஓட்டுநரின் அசட்டையால் விபத்து’ என்று ஊரார் பேசிக்கொண்டனர். சில நாள் கழித்து, அச்சுருளைக் கட்டிய கலாசி ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து என் தந்தையாரிடம், “அண்ணே, நான்கு சங்கிலி கேட்டேன், இரண்டுதான் தந்தார்கள். வண்டி வெளியே போகட்டும் என்று விரட்டினார்கள்” என்று கூறி அழுதார். அவரை எவரும் விசாரிக்கவில்லை. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பிழை என்று ஒன்று இருந்ததாகவே அவரைத் தவிர வேறெவரும் அறியார்.

அந்நிகழ்ச்சியை யான் பல்லாண்டு மறந்திருந்தேன். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்துப் பக்ராம் தளத்தில் நிகழ்ந்ததைப் படித்தபோது அக்கலாசியின் முகம் மீண்டும் தோன்றிற்று. அன்று 747 சரக்கு விமானம் ஒன்று கவசமிட்ட இராணுவ வண்டிகள் ஐந்தை ஏற்றிக்கொண்டு எழுந்தது. அவற்றுள் மூன்று ஒவ்வொன்றும் 18 டன் நிறையுள்ளவை. மற்ற இரண்டும் 12 டன். மேலெழும்போது கடைசி வண்டி கட்டறுந்து பின்னே பாய்ந்து, விமானத்தின் பின்சுவரைத் துளைத்து, வால் இறக்கையைச் சாய்க்கும் பொறியையும் எண்ணெயழுத்தத்தால் இயங்கும் அமைப்புக்களையும் சிதைத்தது. பின்னர் விமானியர் எது செய்தும் பயனில்லை. எழுவர் உயிரிழந்தனர். முன்னரே ஒரு கட்டு அறுந்திருந்ததைப்பற்றி அவர்கள் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் உள்ளது. அமெரிக்க ஆய்வுக் குழுவினர், கட்டும் முறையிலிருந்த குறையும், அதனை மேற்பார்த்திருக்கவேண்டிய அரசாங்கத்தாரின் குறையுமே காரணங்கள் எனக் கண்டனர். அத்தகைய தனிப்பட்ட சரக்கை ஏற்றிக் கட்டும் பொறுப்புடையோர்க்குச் சான்றிதழ் முறை வேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். விமானிக்கு உரிமம் வேண்டும். பழுது பார்ப்பவர்க்கு உரிமம் வேண்டும். எழுவர் உயிரைச் சங்கிலியிற் கட்டியவர்க்கு அத்தகையதொன்று இல்லாதிருந்தது!

கடல் வாணிகத்தார் இப்பாடத்தை முன்னரே படித்தனர். கப்பல்களை அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட காலத்தில், பிளிம்சால் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் போராடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் கப்பலின் பக்கத்தே பாரக்கோடு தீட்டுவது கட்டாயமாயிற்று. நம் துறைமுகத்தில் நிற்கும் எந்தக் கப்பலிலும் வட்டமும் கோடுமாக இன்றும் அதனைக் காணலாம். துறைமுகம் கட்டப்படுமுன் நம் கரையில் சரக்கை இறக்கியவர் மசூலாப் படகினர். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த அப்படகில், எதை எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஓட்டுவோரே முடிவு செய்தனர். ஏனெனில் கவிழ்ந்தால் மூழ்குவோரும் அவரே. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் கராச்சியினின்று பம்பாய்க்கு ஜே. ஆர். டி. தாதா ஓட்டிவந்த தபாலை, அங்கிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுவந்தபோதும் இதுவே நிலை. ‘புஸ் மாத்’ என்னும் அச்சிறு விமானத்தில் தபாற்பைகள் விமானியின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. தம் பாரத்தைத் தாமே தொட்டுப் பார்த்துப் புறப்பட்டார். இன்றோ பாரத்திற்கும் விமானிக்கும் இடையே படிக்கட்டும் கதவும் தாளும் கையெழுத்தும் நிற்கின்றன. அத்தாளை அவர் நம்பியே ஆகவேண்டும்.

“எடைக் கணக்கையெல்லாம் இப்போது கணினி செய்துவிடுகின்றதே, மேலும், இறுதிப் பொறுப்பு விமானித் தலைவருடையதன்றோ?” என்று சிலர் கேட்பர். கணினி தனக்குச் சொல்லப்பட்ட எடையைக் கூட்டுமேயன்றி, சொல்லப்படாத எடையை அறியாது. சங்கிலி தளர்ந்திருப்பதையும் அது தடவிப் பாராது. இறுதிப் பொறுப்பு விமானியுடையது என்பதோ மெய். ஆயினும் முதற்பொறுப்புடையவரை மறைத்துவைத்துக்கொண்டு இறுதிப் பொறுப்புடையவரை மட்டும் காட்டுவது, அத்திருவொற்றியூர் ஓட்டுநரை ஊரார் குறைகூறியது போன்றதே.

பாரமேற்றுவோர்க்கு வேண்டுவது மூன்றிலொன்று கூலி, மற்றொன்று பயிற்சி. இவ்விரண்டையும் எல்லாரும் ஒப்புவர். மூன்றாவதை ஒப்புவோர் அரியர். அதுவே ‘ஏற்றேன்’ என்று சொல்லும் அதிகாரம். இதன் அருமையை 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நாமெல்லாம் கண்டோம். மூச்சுக்காற்றுக்கு நகரமே ஏங்கிய அந்நாட்களில், பிரிட்டனிலிருந்து 450 ஆக்சிஜன் உருளைகளை நம் விமானப்படையினர் சென்னைக்குக் கொண்டுவந்து இறக்கினர். திரவ ஆக்சிஜனுக்குரிய பெருந்தொட்டிகளையும் நாடெங்கும் விமானங்கள் சுமந்தன. ஆனால் காலித் தொட்டிகளையே சுமந்தன. நிறைந்த தொட்டியைச் சுமந்தால் ஒரு நாள் மீதப்படும் என்பது எவர்க்கும் தெரியும். ஒவ்வொரு மணியும் உயிராயிருந்த காலம் அது. எனினும் தீயை மூட்டி வளர்க்கவல்ல அத்திரவத்தை நிறைத்துப் பறப்பது தகாது என்று நின்றனர். நிறைந்தவை தண்டவாளத்தின்மேல் வந்தன. மே 14ஆம் நாள் துர்காப்பூரினின்று 80 டன் ஆக்சிஜனுடன் நம் மாகாணத்தின் முதல் ஆக்சிஜன் இரயில் வந்து நின்றது, இராயபுரத்தை அடுத்த நம் தண்டையார்ப்பேட்டையில்தான். அத்துணை நெருக்கடியிலும் ‘இதை ஏற்றலாகாது’ என்னும் சொல் மதிக்கப்பட்டதென்றால், ஒரு லாரி வாயிலைக் கடக்கும் அவசரத்தில் அதனை மதியாதிருத்தற்கு என்ன நியாயம் கூறுவோம்?

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் பல மாணவர் விமானியாக வேண்டும் என்னும் ஆசையுடன் வந்து யோசனை கேட்கின்றனர். கேட்கட்டும். ஆனால் இயற்பியல் வகுப்பில் நெம்புகோலையும் விசைகளின் கூறுபாட்டையும் கற்பிக்கும்போது, ஒரு நாளாயினும் துறைமுக வாயிலுக்கு மாணவரை அழைத்துச் சென்று, சாய்ந்த சங்கிலியின் வலிமை எவ்வளவு குறைகின்றது என்பதை அங்கே நிற்கும் டிரெய்லரின்மேல் அளந்து காட்டினால் என்ன? கட்டும் தொழிலாளர் அக்கணக்கைக் கேட்டு நம்மைத் திருத்தவும் கூடும். அவர்களுள் பலர் நம் மாணவரின் தந்தையரே. நம் கல்லூரிக்கும் துறைமுகத்திற்கும் இடையேயுள்ள தொலைவு, மீனம்பாக்கத்திற்கு உள்ளதனினும் மிகக் குறைவு.

சென்ற மாதம் அம்மாணவன் மீண்டும் வந்தான். இவற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். பொறுமையுடன் கேட்டபின், “சரி ஐயா, அந்த மூன்றாமவர் எங்கே உட்காருவார்?” என்றான். சி-17 விமானத்தில் அவருக்குச் சரக்கறையின் முன்கோடியில், வலப்பக்கமாக ஓர் இருக்கை உண்டு என்றேன். அங்கிருந்து பார்த்தால் சரக்கு முழுவதும் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். அவன் என் மேசையிலிருந்த தாளை எடுத்து, விமானத்தின் வடிவத்தை நீளமாக வரைந்து, விமானியறையை விட்டுவிட்டு அவ்விருக்கையை முதலிற் குறித்தான்.